காலையில் பாதி, கேட்டபின் பாதி: பிஸ்ட்ரோ சமையலறையின் வெப்பக் கணக்கு

பாரிஸின் குடியிருப்புத் தெரு ஒன்றில் இருக்கும் பிஸ்ட்ரோ என்ற சிறு உணவகத்தில் முப்பது, நாற்பது பேர் உட்கார இடமிருந்தால் அது தாராளம். சமையலறை அதைவிட நெருக்கடி. இரண்டு பேர் நின்றுவிட்டால் மூன்றாமவர் திரும்ப முடியாது. நான்கைந்து அடுப்பு, ஓர் ஓவன், ஓர் எண்ணெய்த் தொட்டி, மேலிருந்து தணலை வீசும் சாலமாண்டர் என்ற அடுப்பு, சொத்து அவ்வளவுதான். பகல் 12 மணிக்கு மேல் மேசைகள் நிரம்பும். வருபவர்களில் பாதிப் பேர் 2 மணிக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள். அவர்கள் கேட்பதோ மணிக்கணக்கில் வேக வேண்டிய பண்டங்கள்: வெங்காய சூப், கொழுப்பில் மெல்ல வேகும் வாத்துக்கால் கோன்ஃபி, சிவப்பு ஒயினில் வெந்த மாட்டிறைச்சி. எல்லாம் கால் மணி நேரத்தில் மேசைக்கு வந்துவிடுகின்றன.

கைவேகம் மட்டும் இருந்தால் இது நடக்காது. பிஸ்ட்ரோவின் பட்டியலில் நிலைத்து நின்ற உணவுகளைக் கவனித்தால், அவை அநேகமாக எல்லாமே இரண்டாகப் பிரிக்கக்கூடியவை. ஒரு பாதியைக் காலையிலோ முந்தைய நாளிலோ முடித்து வைக்கலாம். மறுபாதியை, மேசையிலிருந்து உணவு கேட்கும் சீட்டு வந்தபின் சில நிமிடங்களில் முடிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அது நீரின் கொதிநிலை.

உணவில் திரவ நீர் இருக்கும் வரை அந்த இடத்தின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் கூடுதல் வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். அந்தச் செலவு சிறியதல்ல. ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 420 ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். ஆகவே சமையலில் இரண்டு தனித்தனி உலகங்கள் உண்டு. 100 டிகிரிக்குக் கீழே, ஈரத்தில், மெதுவாக நடப்பவை ஒரு வகை: மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்புவது, முட்டைப் புரதம் இறுகுவது, இறைச்சியின் நார்களைப் பிணைக்கும் கொலாஜன் புரதம் கரைந்து ஜெலட்டின் ஆவது. உலர்ந்த மேற்பரப்பில், சுமார் 140 டிகிரிக்கு மேல், மளமளவென்று நடப்பவை இன்னொரு வகை: பழுப்பு நிறம், மொறுமொறுப்பு, வறுபட்ட மணம்.

இந்த இரண்டாம் வகையில் முதன்மையானது மயார் வினை. பிரெஞ்சு மருத்துவரும் வேதியியலாளருமான லூயி கமீல் மயார், சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் சேர்த்துச் சூடாக்கினால் பழுப்பாவதை 1912இல் பாரிஸின் அறிவியல் கழகத்துக்குத் தெரிவித்தார். அவருக்குச் சமையலில் அக்கறை இருக்கவில்லை. உயிருள்ள உடலின் வேதியியல்தான் அவருடைய துறை. அந்த வினை எந்தெந்தப் படிகளில் நடக்கிறது என்ற வரைபடத்தை அமெரிக்க வேதியியலாளர் ஜான் ஹாட்ஜ் 1953இல்தான் வரைந்தார். ரொட்டியின் மேலோடு, காபிக்கொட்டை, வறுத்த இறைச்சி எல்லாவற்றின் மணத்துக்கும் இந்த ஒரு குடும்ப வினைகளே மூலம். இது குறைந்த வெப்பத்திலும் நடக்கும்; ஆனால் மதிய உணவுக்கு வந்தவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்.

எல்லைக்கோடு மிகத் தெளிவாகத் தெரிவது ஃப்ரீட் என்ற உருளைக்கிழங்கு வறுவலில். ஒரே தடவை பொரித்தால் இரண்டில் ஒன்று கெடும்: வெளியே சிவந்து உள்ளே வேகாமல் இருக்கும், அல்லது உள்ளே வெந்து வெளியே தொளதொளவென்று வரும். அதனால் இருமுறை பொரிக்கிறார்கள். முதல் தடவை எண்ணெய் 150 டிகிரி அளவில் இருக்கும். எண்ணெய்க்குள் கிடந்தாலும் கிழங்கின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அதாவது உள்ளே நடப்பது பொரிப்பு அல்ல, தன் ஈரத்திலேயே அவிதல். மாவுச்சத்து மணிகள் 60, 70 டிகிரியில் உப்பி வெடிக்கின்றன. ஓரங்களில் கசியும் மாவுச்சத்து மேலே ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. நிறம் ஏறுமுன் எடுத்துத் தட்டில் பரப்பி ஆற விடுவார்கள். இந்த ஆறுதல் வீண் நேரம் அல்ல. அப்போது மேற்பரப்பு உலர்கிறது. மாவுச்சத்து இழைகள் மீண்டும் ஒன்றோடொன்று அடுக்கிக்கொண்டு கெட்டிப்படுகின்றன. குளிர்பெட்டியில் வைத்த சோறு விறைத்துப் போவதும் இதே காரணத்தால்தான்.

சீட்டு வந்ததும் இரண்டாம் பொரிப்பு, 180 டிகிரியில், இரண்டு மூன்று நிமிடம். உலர்ந்த ஓடு 100 டிகிரியைக் கடந்து பழுக்கிறது. எண்ணெயில் பொங்கும் குமிழிகள் கிழங்கிலிருந்து வெளியேறும் நீராவி. அது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெயால் உள்ளே நுழைய முடியாது. எண்ணெய் உள்ளே போவது பெரும்பாலும் வெளியே எடுத்த பிறகுதான். கிழங்கு ஆறும்போது துளைகளில் இருந்த நீராவி சுருங்கி நீராகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் இழுக்கப்படுகிறது. எடுத்த கணமே கூடையை நன்றாக உதற வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். உதறுவதில் சோம்பல்பட்ட கடையின் ஃப்ரீட்டைத் தட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கிழங்கின் வகையும் முக்கியம். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற பின்ட்ஜே, நெதர்லாந்தில் உருவான, மாவுத்தன்மை மிகுந்த வகை. அதையும் கடுங்குளிரில் சேமித்தால் கெட்டது. குளிரில் கிழங்கு தன் மாவுச்சத்தின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். பொரிக்கும்போது அந்தச் சர்க்கரை மயார் வினையை முடுக்கி, கிழங்கைக் கருக்கிவிடும். அழகுக் குறைவோடு போகிற விஷயமுமல்ல. அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் இத்தகைய சர்க்கரையும் சேர்ந்து அதிக வெப்பத்தில், புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று ஐயுறப்படும் அக்ரிலமைடு உண்டாகிறது என்பது 2002இல் சுவீடனிலிருந்து வந்த எச்சரிக்கைக்குப் பின் உலகுக்குத் தெரிந்தது. பொன்னிறத்தில் நிறுத்துவதே நல்லது.

வெங்காய சூப்பில் வரிசை மாறுகிறது. அங்கே பழுப்பாக்குவதே காலை வேலை. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீர். அது போகும் வரை சட்டியில் நிறம் ஏறாது. 'பத்து நிமிடத்தில் பொன்னிறமாக வதக்கவும்' என்று எழுதும் சமையல் குறிப்புகளை நான் நம்புவதில்லை. மெல்லிய தீயில் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். நீர் வற்ற வற்ற வெங்காயத்தின் சொந்தச் சர்க்கரைகள் செறிவடைகின்றன. பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸ் சுமார் 110 டிகிரியிலேயே பழுப்பாகத் தொடங்கும். சாதாரணச் சர்க்கரைக்கு 160 டிகிரி வேண்டும். பக்கத்திலேயே அமினோ அமிலங்களோடு மயார் வினையும் நடக்கிறது. அவசரக்காரர்கள் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுவார்கள். காரத்தன்மை அந்த வினையை விரைவாக்கும் என்பது உண்மைதான். வெங்காயத்தின் செல்களை ஒட்டிவைக்கும் பெக்டினையும் கரைத்துக் கூழாக்கிவிடும் என்பதும் உண்மை. நறுக்கிய வெங்காயத்தில் உருவாகும் கந்தகச் சேர்மங்களில் ஒன்றுக்கு இறைச்சிச் சாற்றின் மணமே உண்டு. மலிவான சரக்கிலிருந்து கனமான சுவை வருவதன் இரகசியத்தில் அதற்கும் பங்கு இருக்கிறது. இந்த சூப், பாரிஸின் நடுவிலிருந்த லே ஆல் மொத்தச் சந்தையோடு பின்னிப் பிணைந்தது. இரவெல்லாம் மூட்டை தூக்கியவர்கள் விடியற்காலையில் குடித்தது இதைத்தான். சந்தை 1969இல் நகருக்கு வெளியே ருங்கிஸுக்கு இடம் மாறியது. சூப் நகரத்திலேயே தங்கிவிட்டது.

கேட்டபின் செய்யும் பாதி இன்னும் சுவாரசியம். கொதிக்கும் சூப்பின் மேல் நேற்றைய ரொட்டித் துண்டை மிதக்க விட்டு, க்ரூயேர் அல்லது கோம்தே பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டு சாலமாண்டரின் கீழே தள்ளுகிறார்கள். ரொட்டி இல்லாவிட்டால் பாலாடைக்கட்டி சூப்பில் அமிழ்ந்து, 100 டிகிரியில் சிக்கி, உருகுவதோடு நின்றுவிடும். காய்ந்த ரொட்டி அதை நீர்மட்டத்துக்கு மேலே தாங்குகிறது. மேலிருந்து வரும் தணலில் அந்த மேற்பரப்பு மட்டும் உலர்ந்து பழுப்பாகிறது. புதிய ரொட்டி இதற்கு உதவாது, சீக்கிரம் ஊறிக் கரைந்துவிடும்.

ரொட்டியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. பிஸ்ட்ரோக்கள் ரொட்டியைப் பெரும்பாலும் பக்கத்துத் தெரு அடுமனையில் வாங்குகின்றன. 'மரபு' ரொட்டியில் மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் தவிர, விதி இடம் கொடுக்கும் மிகச் சிலவற்றையே சேர்க்கலாம் என்று 1993இல் அரசாணை போட்ட நாடு அது. பாரிஸ் நகரத்தின் சிறந்த பகெட் என்ற நீண்ட ரொட்டிக்கான பரிசை 2023இல் வென்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா; பரிசோடு, குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகைக்கு ஓராண்டு ரொட்டி வழங்கும் வேலையும் அவருக்கு வந்தது. பாரிஸின் உணவகச் சமையலறைகளில் ஈழத் தமிழர் பலர் நெடுங்காலமாக உழைத்து வருவதை அறிந்தவர்களுக்கு அது பெரிய வியப்பாக இருந்திருக்காது.

கோன்ஃபி, குளிர்பெட்டி இல்லாத காலத்துத் தென்மேற்குப் பிரான்சின் பண்டம். வாத்துக் காலை உப்பில் ஊறவைத்து, வாத்துக் கொழுப்பிலேயே 80, 90 டிகிரியில் சில மணி நேரம் வேகவைத்து, அதே கொழுப்பு மூடியபடி உறைய விடுவார்கள். கொழுப்பு இறைச்சிக்குள் ஊடுருவுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அதன் வேலை சீரான வெப்பம் தருவதும் காற்றைத் தடுப்பதும்தான். காற்றில்லாத இடத்தை விரும்பும் நச்சுக்கிருமிகளும் உண்டு. ஆகையால் உப்பும் குளிரும் இல்லாமல் கொழுப்பை மட்டும் நம்பக் கூடாது. கேட்டபின் மிச்சமிருப்பது தோலை மொறுமொறுப்பாக்கும் வேலை மட்டுமே. ஒயினில் வெந்த மாட்டிறைச்சிக்கு அந்த வேலைகூட இல்லை, சூடாக்கினால் போதும். அன்றைய சிறப்பு உணவாகக் கரும்பலகையில் அது அடிக்கடி தென்படுவதற்குச் சமையல்காரரின் நிம்மதியும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு அடங்காதது ஸ்டேக் என்ற தடித்த மாட்டிறைச்சித் துண்டு. ஈர வேலையும் உலர் வேலையும் ஒரே துண்டில், ஒரே சில நிமிடங்களில் நடந்தாக வேண்டும். வெளியே 140 டிகிரிக்கு மேல். உள்ளேயோ, பாதி வேக்காட்டுக்கு 50களில் நிற்க வேண்டும். மயோசின் என்ற தசைப் புரதம் 50 டிகிரியை ஒட்டி இறுகத் தொடங்குகிறது. 65ஐத் தாண்டினால் ஆக்டின் என்ற இன்னொரு தசைப் புரதம் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியேற்றுகிறது. தட்டில் வடியும் சிவப்பு நீர் இரத்தம் அல்ல; மயோகுளோபின் என்ற சிவப்பு நிறப் புரதம் கலந்த தசைநீர். 60 டிகிரி அளவில் அந்த மயோகுளோபின் உருக்குலைவதால்தான் நன்கு வெந்த இறைச்சி சாம்பல் நிறமாகிறது. சட்டியில் போடுமுன் துண்டைத் துணியால் ஒற்றி எடுப்பது சின்ன வேலையாகத் தெரியும். மேலே ஒரு கிராம் ஈரம் மிஞ்சினாலும் அந்த 2,260 ஜூல் வரியைக் கட்டிய பிறகே நிறம் ஏறும். அதற்குள் உட்புறம் எல்லை தாண்டிவிடும். பிஸ்ட்ரோக்கள் விரும்பி வாங்கும் ஓங்லே, பாவெத் போன்ற மாட்டிறைச்சித் துண்டுகளின் நார்கள் தடித்தவை. நாரின் குறுக்கே வெட்டினால்தான் பல்லுக்கு அகப்படும்.

கூடவே வரும் சிவப்பு ஒயினுக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. அதில் இருக்கும் டானின்கள் என்ற துவர்ப்புச் சேர்மங்கள் உமிழ்நீர்ப் புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டு துவர்க்கிறது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் நடுவில் வந்தால் துவர்ப்பு அடங்குகிறது.

கடைசியில் க்ரெம் ப்ரூலே. பிரான்சுவா மசியாலோ 1691இல் அச்சிட்ட சமையல் நூலில் ஏற்கெனவே இருக்கிற இனிப்பு. மஞ்சள் கருவும் பாலேடும் சேர்ந்த கலவை 80 டிகிரியைச் சற்றுத் தாண்டினால் இறுகும், இன்னும் ஏறினால் திரிந்துபோகும். அதனால் கிண்ணங்களைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி ஓவனில் வைக்கிறார்கள். ஓவன் எவ்வளவு சூடானாலும் அந்தத் தண்ணீர் 100ஐத் தாண்டவிடாது. பிறகு குளிர்பெட்டியில் ஓர் இரவு. கேட்டபின் மேலே சர்க்கரை தூவி, சுடரால் ஒரு நிமிடம் எரித்தால், அது உருகிப் படிக ஒழுங்கை இழந்து கண்ணாடியாக உறைகிறது. அடியிலிருக்கும் பாலேடு குளிராக இருப்பதால் வெப்பம் அதைத் தொடுமுன் வேலை முடிந்துவிடும். அந்தக் கண்ணாடி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால் முன்கூட்டிச் செய்து வைக்க முடியாது.

இரண்டாகப் பிரிக்க முடியும் என்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. முதல் பாதி காலையில் நடக்கலாம் என்றால், அது அந்தச் சமையலறையில்தான் நடக்க வேண்டும் என்று இயற்பியல் சொல்லவில்லை. நூறு கிலோமீட்டர் தொலைவில் ஒரு தொழிற்சாலையில் வாத்துக்காலை வேகவைத்து, காற்றகற்றிய பையில் அடைத்து அனுப்பலாம். இங்கே தோலைச் சிவக்க வைத்துப் பரிமாறினால் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். பிரான்சில் பல உணவகங்கள் அப்படித்தான் செய்தன. 2014இல் 'வீட்டுத் தயாரிப்பு' என்ற முத்திரை சட்டத்துக்குள் வந்தது: கூரை வேய்ந்த ஒரு சட்டியின் படம். பச்சைப் பொருளிலிருந்து அங்கேயே சமைத்ததற்கு மட்டுமே அதைப் போடலாம். ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒயின் போன்ற, உணவகமே செய்யும் என்று யாரும் எதிர்பார்க்காத சிலவற்றுக்கு விலக்கு உண்டு. உறைய வைத்த பொருளுக்கும் அனுமதி கிடைத்ததால் எதிர்ப்பு எழுந்தது, நியாயமான எதிர்ப்புதான். ஆனால் சூடாக்கி மாற்றப்பட்ட எதுவும் பச்சைப் பொருளாகக் கருதப்படாது. ஆகவே தொழிற்சாலையில் முதல் பொரிப்பு முடிந்து உறைந்து வரும் ஃப்ரீட்டுக்கு அந்தப் படம் கிடையாது, இரண்டாம் பொரிப்பை உங்கள் கண்ணெதிரே செய்தாலும் சரி.