மலிவான லென்ஸ் காலர்: எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

"ஜூம் வளையம் இறுகிவிட்டது, திருப்பவே முடியவில்லை" என்று பழுதுபார்க்கக் கொண்டுவரும் டெலிஃபோட்டோ லென்ஸைப் பிரிப்பதற்கு முன், அதில் மாட்டியிருக்கும் ட்ரைபாட் காலரை, அதாவது லென்ஸைச் சுற்றிப் பிடித்து ட்ரைபாட்டில் பொருத்த உதவும் வளையத்தை, முதலில் கழற்றிவிடுவேன். பல சமயங்களில் அத்தோடு வேலை முடிந்துவிடும். காலரைக் கழற்றியதும் ஜூம் தாராளமாகத் திரும்பும். உரிமையாளர் நம்ப முடியாமல் வாங்கித் தாமே திருப்பிப் பார்ப்பார்.

நடந்தது இதுதான். வேறொரு நிறுவனம் செய்த காலரின் உள்விட்டம் லென்ஸுக்குக் கொஞ்சம் தளர்வாக இருந்திருக்கும். அதை ஈடுகட்டக் குமிழை மேலும் மேலும் முறுக்கியிருப்பார்கள். காலர் சுற்றிலும் சமமாகப் பிடிக்காமல் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் அழுத்தியதில், உள்ளே நழுவ வேண்டிய பாகங்கள் பிடித்துக்கொண்டிருக்கும். லென்ஸில் ஒரு குறையும் இருக்காது.

இதைச் சொன்னதும் "அப்படியானால் அசல் காலரையே வாங்க வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். தேவையில்லை. காலருக்குள் கண்ணாடி கிடையாது, மின்சுற்று கிடையாது. ஒரு வளையம், ஒரு கீல், ஒரு குமிழ், அடியில் ஒரு பாதம், அவ்வளவுதான். இவ்வளவு எளிய பொருளுக்கு லென்ஸ் நிறுவனங்கள் கேட்கும் விலை எனக்கு எப்போதுமே நியாயமாகப் பட்டதில்லை. மலிவுக் காலர்களிலும் நன்றாகச் செய்தவை உண்டு. விலையைக் குறைப்பதற்காக எந்த இடத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

காலரைத் தனியாக விற்கும் வழக்கம் நடுத்தர எடையுள்ள லென்ஸ்களில்தான் அதிகம். 1999-இல் வந்த கேனன் 70-200 மி.மீ. எஃப்/4 எல் லென்ஸின் எடை 705 கிராம். 2006-இல் வந்த அதிர்வுத் தடுப்பு வகை 760 கிராம். இரண்டுக்குமே பெட்டியில் காலர் கிடையாது. ஏறத்தாழ அதைப் போல இரு மடங்கு எடையுள்ள எஃப்/2.8 லென்ஸுக்குக் காலர் கூடவே வரும். நிக்கான் 2012-இல் வெளியிட்ட 70-200 எஃப்/4 லென்ஸுக்கும் காலரைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். டாம்ரானின் 100-400 லென்ஸும் அப்படியே. சிக்மா 2017-இல் டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்காக வெளியிட்ட 100-400 லென்ஸில் காலர் மாட்டுவதற்கான ஏற்பாடே இல்லை. மிரர்லெஸ் கேமராக்களுக்கு 2020-இல் வந்த வகையில் அந்த வசதியைச் சேர்த்தார்கள். ஆகவே லென்ஸின் பெயர் பாதி ஒத்துப்போகிறது என்பதற்காகக் காலருக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

முதலில், உங்களுக்குக் காலர் தேவையா? கையில் பிடித்தே படமெடுப்பவர்களுக்கு அது வெறும் சுமை. "காலர் இல்லாவிட்டால் மவுண்ட் உடைந்துவிடும்" என்று பயமுறுத்துவதும் மிகை. முக்கால் கிலோ லென்ஸைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது, லென்ஸைக் கேமராவோடு பூட்டும் அந்த மவுண்ட். உண்மையான தொல்லை பால் ஹெட்டில், அதாவது ட்ரைபாட்டின் மேலே கேமராவைத் தாங்கும் உருண்டை மூட்டில் இருக்கிறது. கேமராவின் அடிப்பகுதியில் திருகினால் எடை முழுவதும் முன்பக்கம் தொங்கும். சட்டத்தைச் சரிசெய்து பூட்டிவிட்டுக் கையை எடுத்ததும் லென்ஸின் மூக்கு ஒரு நூல் கீழே இறங்கும். 200 மி.மீ.-இல் அந்த ஒரு நூல், நிலவைச் சட்டத்தின் மையத்திலிருந்து கண்ணில் படும் அளவுக்கு நகர்த்திவிடும். காலர் இருந்தால் எடை ட்ரைபாட்டின் நடுவில் உட்காரும். கிடைமட்டத்திலிருந்து செங்குத்துக்குப் போகவும் பால் ஹெட்டைச் சாய்க்க வேண்டாம். குமிழைத் தளர்த்தி லென்ஸைச் சுழற்றினால் போதும். நான் காலரைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இந்தச் சுழற்சிதான்.

அடுத்து அளவு. கேனன்காரர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 70-200 எஃப்/4 லென்ஸுக்கு உரியது 'ஏ' வகைக் காலர், எஃப்/2.8-க்கு உரியது 'பி' வகை. ஆனால் 'ஏ' வகையிலேயே கறுப்பு நிறக் காலரின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு 'பி' இருக்கும், வெள்ளைக்கு 'டபிள்யூ' இருக்கும். அங்கே 'பி' என்பது நிறம், அளவு அல்ல. விற்பனையாளர்களில் பாதிப் பேர் இதைக் குழப்புகிறார்கள். உங்கள் லென்ஸ் மாடலின் முழுப் பெயரையும் குறிப்பிட்டுப் பொருந்துமா என்று கேளுங்கள். "எல்லா 70-200 லென்ஸுக்கும் பொருந்தும்" என்று பதில் வந்தால் அங்கே வாங்காதீர்கள்.

காலர் கைக்கு வந்ததும் எல்லாரும் வெளிப்பூச்சைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் உள்பக்கத்தைப் பாருங்கள். லென்ஸின் குழலைத் தொடும் இடத்தில் மெல்லிய வெல்வெட் போன்ற படலமோ வழுவழுப்பான பிளாஸ்டிக் பட்டையோ இருக்க வேண்டும். மலிவுக் காலர்களில் பெரும்பாலும் கை வைப்பது இங்கேதான். சிலவற்றில் தடித்த துணியை ஒட்டிவிடுகிறார்கள். அளவுப் பிழையை அது மறைத்துவிடும், ஆனால் லென்ஸ் அந்த மெத்தையில் அசைந்துகொண்டே இருக்கும். குமிழை எவ்வளவு இறுக்கினாலும் அதிர்வு அடங்காது. வேறு சிலவற்றில் வெறும் உலோகமே குழலில் உரசும். வெள்ளை லென்ஸ்களில் அரைவட்டமாகப் பூச்சு உரிந்திருந்தால் காரணத்தைத் தேட வேண்டியதில்லை. வெயிலில் பசை இளகித் துணி நழுவிய காலர்களும் என் மேசைக்கு வருவதுண்டு. குழலில் ஒட்டிய பசையைத் துடைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. சாதாரணத் தாளை விரல் அகலத்துக்குக் கீற்றாக வெட்டுங்கள். லென்ஸுக்கும் காலருக்கும் இடையே அதை வைத்து, வழக்கமாக இறுக்கும் அளவுக்குக் குமிழை இறுக்கி, தாளை இழுத்துப் பாருங்கள். கீல் அருகே, எதிர்ப்பக்கம், பாதத்துக்கு மேலே என்று சுற்றிலும் நான்கைந்து இடங்களில் இதைச் செய்யுங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி பிடித்தால் காலர் நல்லது. ஓரிடத்தில் கிழிகிற அளவுக்குப் பிடித்து இன்னோரிடத்தில் தாள் உருவிக்கொண்டு வந்தால், அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். இறுக்கிய நிலையிலேயே ஜூம் வளையத்தையும் ஃபோகஸ் வளையத்தையும் ஒரு முறை முழுதாகத் திருப்பிப் பாருங்கள். சற்றே கனத்தாலும் அந்தக் காலர் வேண்டாம்.

கீலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. குமிழ் லேசாகத் தளர்ந்ததுமே காலர் முழுதாகத் திறந்துகொள்ளும் அமைப்பு ஆபத்தானது. குமிழை வெளியே இழுத்தால்தான் திறக்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பாதத்தில் திருகுத் துளை ஒன்றுதான் இருக்கிறதா, இரண்டா? ஒற்றைத் துளையில் மாட்டிய பிளேட் (ட்ரைபாட்டின் தலையில் செருகிப் பூட்டும் தகடு) கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொள்ளும். பாதமே ஆர்கா-ஸ்விஸ் வடிவில், அதாவது ட்ரைபாட் தலையின் பிடியில் நேரடியாகச் செருகும்படி, வெட்டப்பட்டிருந்தால் பிளேட்டே வேண்டாம். ஓர் இணைப்பு குறைவதால் ஓர் ஆட்டமும் குறையும். இந்த ஒரு விஷயத்தில் பல மலிவுக் காலர்கள் அசலை மிஞ்சிவிட்டன, ஏனென்றால் லென்ஸ் நிறுவனங்கள் பலவும் இன்னமும் தட்டையான பாதத்தையே தருகின்றன. பாதம் தனித் துண்டாக இருந்து சிறு திருகுகளால் பூட்டப்பட்டிருந்தால், அவற்றில் நடுத்தரப் பிடிமானமுள்ள நீல நிறத் திருகுப் பசையில் ஒரு துளி விடுங்கள். உலோகத் திருகுகளுக்கு மட்டும்தான் இது. பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விடலாம்.

முப்பரிமாண அச்சில் செய்த காலர்களும் இப்போது வருகின்றன. பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அச்சிட்டதென்றால் தவிர்த்துவிடுங்கள். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே அது இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்த வெப்பம் அரிதல்ல.

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ட்ரைபாட்டில் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். லென்ஸை அதிகபட்ச ஜூமில் வைத்து, அதிர்வுத் தடுப்பை அணைத்து, தொலைவில் உள்ள எழுத்துகளை லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். லென்ஸின் முனையை விரலால் ஒரு தட்டுத் தட்டி, படம் அசைவற்று நிற்க எவ்வளவு நேரமாகிறது என்று கவனியுங்கள். பிறகு காலரைக் கழற்றி, கேமராவை நேரடியாக ட்ரைபாட்டில் மாட்டி அதையே செய்யுங்கள். காலரோடுதான் ஆட்டம் கூடுதல் என்றால் அந்தக் காலரால் உங்களுக்குப் பயனில்லை. லேசான லென்ஸ்களில் இப்படி நடப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம். நொடியில் பதினைந்தில் ஒரு பங்கை ஒட்டிய ஷட்டர் வேகங்களில் சில படங்களும் எடுத்து ஒப்பிடுங்கள். அதிர்வு அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

தோளில் மாட்டும் பட்டையைக் காலரின் பாதத்தில் இணைத்துக் கேமராவைத் தலைகீழாகத் தொங்கவிட்டு நடப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்போது எடை முழுவதையும் தாங்குவது கீலின் சிறு ஊசியும் குமிழும்தான். நன்றாகச் செய்த மலிவுக் காலரிலும் நான் இதைச் செய்ய மாட்டேன். தொங்கவிட்டே ஆக வேண்டுமென்றால், கேமராவின் பட்டை வளையத்திலிருந்து தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பயன்படுத்திய அசல் காலர்கள் தனியாக விற்பனைக்கு வரும், சில சமயம் புது மலிவுக் காலரின் விலைக்கே. அதில் பார்க்க வேண்டியவை கீலின் ஆட்டமும் உள்படலத்தின் தேய்மானமும். காலரைத் திறந்து வைத்து உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்குத் தயங்குபவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் கேளுங்கள்.