வாச்சில் 98, ரிப்போர்ட்டில் 7.4

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை, பொழுதோட கூட்டம் வடிந்த பிறகு ஓர் அம்மா வந்தார். வயது 44. (ஆள் இன்னார் என்று தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) கோபி பக்கம் தோட்டம், நாலு எருமை, கோழி கூப்பிட எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறவர். "பத்தடி நடந்தா நெஞ்சு படபடங்குதுங். மேலுக்கே முடியறதில்லீங்" என்றார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது. ரத்தம் பார்க்கச் சீட்டு எழுத ஆரம்பித்ததும் இடது கையை மேசைமேல் நீட்டிவிட்டார்.

"அது எதுக்குங் டாக்டரம்மா? ரத்தந்தான் 98 இருக்குதுங்களே. பொண்ணு வாங்கிக் குடுத்த வாச்சுங். தெனமும் பாத்துக்கறனுங்."

ஸ்மார்ட் வாச் அழகாகத்தான் இருந்தது. சின்ன வட்டம், ரோஸ் நிறப் பட்டை, திரையில் ஒரு சிவப்புச் சொட்டு, பக்கத்தில் 98. சிவப்புச் சொட்டைப் பார்த்தால் யாருக்கும் ரத்த அளவு என்றுதான் தோன்றும். அன்று ராத்திரியே வந்த ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 7.4. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 8-க்குக் கீழே என்றால் கடுமையானது.

ரெண்டும் எப்படி ஒரே உடம்பில் இருக்கும் என்று கூட வந்த மகள் கேட்டாள். பால் வண்டிக் கணக்கைச் சொன்னேன். ரத்தம்தான் வண்டி, ஹீமோகுளோபின்தான் கேன், ஆக்ஸிஜன்தான் பால். வண்டியில் இருக்கிற கேன்களில் நூற்றுக்கு எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதுதான் அந்த 98. வண்டியில் மொத்தம் எத்தனை கேன் என்று அது எண்ணுவதில்லை. 40 கேன் ஏற வேண்டிய வண்டியில் 25 கேன்தான் ஏறியிருக்கிறது, ஆனால் எல்லாமே ததும்ப ததும்ப நிரம்பியிருக்கிறது என்றாலும் வாச் 98 என்றுதான் காட்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அவர்களில் எத்தனை பேர் கையில் இப்போது 98 மின்னிக்கொண்டிருக்கிறதோ.

எனக்கு மனசு கேட்காத விஷயம் இன்னொன்று. அதே வாச் மூன்று மாதமாக உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, வேறு பக்கத்தில். மகளின் போனில் அதன் செயலியைத் திறந்து பார்த்தோம். ஓய்வுநேர நாடித்துடிப்பு சித்திரையில் 74, ஆடியில் 91. மாதவிலக்குப் பக்கத்தில் மகள் விடாமல் தேதி போட்டு வந்திருந்தாள்: 22 நாளைக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் எட்டு, ஒன்பது நாள். ஸ்கேன் எடுத்தபோது கர்ப்பப்பையில் நார்க்கட்டி. ரத்தம் எங்கே போனது என்பதற்கு விடை அந்தப் பக்கத்திலேயே இருந்தது. யாரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை.

இதற்குப் பிறகுதான் வாச் கட்டி வருகிற பெண்களிடம் எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். எந்த வாச் வாங்கலாம் என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நானும் ஒன்று கட்டியிருக்கிறேன். முதலில் வீட்டுக்காரர் புதுசு வாங்கியபோது கழற்றிப் போட்ட பழையதைக் கட்டினேன், 46 மில்லிமீட்டர் அகலம். பட்டையின் கடைசி ஓட்டையில் மாட்டியும் கையைத் தொங்கவிட்டால் உள்ளங்கைக்கு வந்துவிடும். காலையில் எழுந்து பார்த்தால் ராத்திரி நான் வாச்சே கட்டவில்லை என்று சொல்லும். நம் வீடுகளில் பெண்களுக்கு வாச் வருவது பெரும்பாலும் இப்படித்தான், மகனோ புருஷனோ கழற்றிப் போட்டதாக. இப்போது கட்டியிருப்பது 34 மில்லிமீட்டர், தூங்கும்போது கையில் இருப்பதே தெரிவதில்லை.

சின்னதாக இருக்க வேண்டும் என்பது அழகுக்காக மட்டும் சொல்வதில்லை. வாச்சின் அடியில் பச்சை வெளிச்சம் மினுக்குகிறதே, அதுதான் நாடி பிடிக்கிற விரல். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடியில் ரத்தம் பெருகும்போது திரும்பி வருகிற வெளிச்சம் ஒரு துளி குறையும். அந்தக் குறைவை எண்ணித்தான் நாடி சொல்கிறது. வாச்சுக்கும் தோலுக்கும் நடுவில் சந்து விழுந்தால் வெளி வெளிச்சம் உள்ளே புகுந்து கணக்கு கெட்டுப்போகும். மெல்லிய மணிக்கட்டில் பெரிய வாச் இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு நிற்கும், நடுவில் சந்துதான். பச்சை குத்திய இடத்தின் மேல் கட்டினாலும் இதே கதை. மை வெளிச்சத்தை மறித்துவிடும்.

வாங்கப் போகுமுன் மணிக்கட்டில் ஒரு நூலைச் சுற்றி, அதை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். 14, 15 சென்டிமீட்டர் என்றால் 34 முதல் 41 மில்லிமீட்டர் வரை உள்ளதைக் கட்டிப் பாருங்கள். 'பெண்களுக்கானது' என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். சில கம்பெனிகள் ஆண்கள் வாச்சுக்கே ரோஸ் பட்டை மாட்டிப் பேரை மாற்றிவிடுகின்றன. கடையில் கட்டிக்கொண்டு கையை நாலு தடவை உதறிப் பாருங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராமல், ஆனால் தடம் பதியாமல் இருந்தால் சரி. சின்ன வாச்சில் பேட்டரியும் சின்னதுதான், அடிக்கடி சார்ஜ் போட வேண்டிவரும். பலவற்றில் ஜிபிஎஸ் தனியாக இருக்காது, போனையும் கூடவே எடுத்துப் போக வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடி போடாமல் திரையைப் படிக்க முடிகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளெழுத்து வந்த பிறகு 34 மில்லிமீட்டர் திரையில் வாட்ஸப் படிப்பதெல்லாம் நடக்காத காரியம். ஒரு தமிழ் மெசேஜ் அனுப்பச் சொல்லியும் பாருங்கள். சிலதில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும்.

வளையல் போடுகிற கையில் கட்டினால் வாச்சை அது கீழே தள்ளிக்கொண்டே இருக்கும், கண்ணாடி வளையல் என்றால் திரையும் கீறும். மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டியிருந்தால் அந்தக் கயிறு கழற்றுகிறவரை வாச்சை மறு கைக்கு மாற்றிவிடுங்கள், கை மாற்றியதைச் செயலியிலும் சொல்லிவிடுங்கள். ஈரக்கயிறும் ரப்பர் பட்டையும் சேர்ந்து ஒருத்தருக்குக் கையைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி கொப்புளம் கட்டிவிட்டது. பெரும்பாலான அரிப்பு பட்டையால் வருவதில்லை. பட்டைக்கடியில் தங்குகிற சோப்பும் வியர்வையும்தான் காரணம். தண்ணி வார்க்கும்போது கழற்றிவைத்து, கையையும் வாச்சையும் துடைத்துக் காயவிட்டுக் கட்டினால் போதும். தண்ணீர் தாங்கும் அளவு 5 ஏடிஎம் என்று போட்டிருந்தாலும் அது குளிர்ந்த தண்ணீருக்குத்தான், சுடுதண்ணீர் ஆவிக்கும் சீயக்காய்க்கும் இல்லை.

இனி காலடிக் கணக்கு. "10,000 ஆகலீங், 7,000லயே நிக்குதுங்" என்று ஏதோ கடன் பாக்கி மாதிரி சொல்கிறார்கள். அந்தப் பத்தாயிரம் எந்த டாக்டரும் எழுதிக்கொடுத்தது இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டோடு, 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவி விற்றது. அதற்கு வைத்த பேர் 'மான்போ-கெய்', பத்தாயிரம் அடி மீட்டர். விற்பதற்காக வைத்த பேர் உலகத்துக்கே அளவுகோலாகிவிட்டது. 2019-ல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களை வைத்து வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. தடப்பள்ளி வாய்க்கால் கரையில் காலையில் நடக்கிற பெரியவர்கள் நிம்மதியாக நடக்கலாம்.

அதைவிட முக்கியம், வாச் காலை எண்ணுவதில்லை, கை வீச்சைத்தான் எண்ணுகிறது. சோளத்தட்டுக் கட்டைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு காட்டிலிருந்து வீடு வரைக்கும் நடங்கள், பாதி அடி கணக்கில் வராது. இடுப்பில் குடம், கையில் குழந்தை என்றாலும் அப்படித்தான். சப்பாத்தி மாவு பிசைந்தால் உட்கார்ந்த இடத்திலேயே ஏறும். பனியன் கம்பெனி வேனில் திருப்பூர் போய்வருகிற ஒரு டெய்லர், ஓவர்லாக் மிசினில் நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தும் ராத்திரி ஆறாயிரம் காட்டுகிறது என்று சிரித்தார். அவருக்கு நிஜமாகவே நடை தேவை, வாச்சோ முடிந்துவிட்டது என்கிறது. எருமைக்காரம்மாவுக்கோ நடை போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது, வாச்தான் போதாது என்கிறது.

அதனால் அடியை விட்டு நிமிடத்தைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு போதும் என்கிறது. மிதமானது என்றால் நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது. இதை அளக்க வாச்சே வேண்டாம். எந்த வேகம் மிதமானது என்று முடிவு செய்ய, அதிகபட்ச நாடித்துடிப்பைப் பல வாச்சுகள் 220-லிருந்து வயதைக் கழித்துப் போட்டுக்கொள்கின்றன. சிகாகோவில் பெண்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்விலிருந்து 2010-ல் வந்த சூத்திரம், 206-லிருந்து வயதின் 0.88 பங்கைக் கழிக்கச் சொல்கிறது. 45 வயதுக்கு முதல் கணக்கில் 175, இரண்டாவதில் 166. 'இன்னும் வேகமாக' என்று வாச் விரட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பிரஷருக்கு, நாடித்துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த இரண்டு கணக்குமே பொருந்தாது.

கலோரி எண்ணை மறந்துவிடலாம். 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது நாடியில் ஆறு நன்றாகவே தேறின. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவி 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம்.

பிரஷர், சுகர் எல்லாம் குத்தாமல் காட்டும் என்று ஒருத்தர் 1,800 ரூபாய்க்கு வாங்கி வந்த வாச்சை, கிளினிக்கில் இருந்த வாழைப்பழத்தில் கட்டிக் காட்டினேன். பழத்துக்குப் பிரஷர் 118/76. என்னைவிட ஆரோக்கியம். ஊசி குத்தாமல் சுகர் அளப்பதாகச் சொல்லும் வாச், மோதிரம் எதையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. இன்சுலின் போடுகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்து யூனிட்டைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து. ஈசிஜி எடுக்கிற விலையுயர்ந்த வாச்சாலும் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. பெண்களுக்கு மாரடைப்பு பல சமயம் தாடை வலி, முதுகு வலி, திடீர் அசதி, மூச்சிரைப்பு என்றுதான் வரும். வாச் ஒன்றும் சொல்லவில்லையே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

மாதவிலக்குப் பக்கத்தை நான் ரொம்ப மதிக்கிறேன். தேதி கேட்டால், "போன அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடி தலைக்குத் தண்ணி வாத்தனுங்" என்றுதான் வரும், நான் காலண்டரைப் புரட்ட வேண்டும். ஆறு மாதத் தேதியும், எத்தனை நாள் பட்டது என்பதும் கையில் இருந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. 21 நாளுக்குள் வருவதும், 35 நாளைத் தாண்டிப் போவதும், எட்டு நாளுக்கு மேல் நீள்வதும் காட்ட வேண்டியவை. ஆனால் 'கரு தரிக்கும் நாட்கள்' என்று அது நிறம் பூசிக் காட்டுவது பெரும்பாலும் பழைய தேதிகளை வைத்துப் போட்ட கூட்டல் கழித்தல்தான். கருமுட்டை வெளிவருவது அடுத்த விலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால், அடுத்த விலக்கு என்றைக்கு என்று தெரியாதவருக்கு அந்த நிறத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. நிறம் பூசாத நாட்களை நம்பி மூன்றாவது பிள்ளையோடு வந்தவர் எனக்குத் தெரியும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. அந்தப் பக்கம் யார் போனில் இருக்கிறது? அம்மாவுக்குப் பட்டன் போன் என்று மகன் போனில் இணைத்துவிடுகிறார்கள். 'விலக்கு நாள் நெருங்குகிறது' என்று அறிவிப்பு மகனுக்குப் போகிறது. ஒரு மருமகள், தன் தேதியைத் தான் சொல்வதற்கு முன்பே மாமியார் சொன்னபோதுதான் செயலி புருஷன் போனில் இருப்பதன் அர்த்தம் புரிந்தது என்றாள். தன் போன் இல்லாதவர்கள் அந்தப் பகுதியை அணைத்துவிட்டு காலண்டரில் ஒரு புள்ளி வைத்தாலே போதும்.

எருமைக்காரம்மாவுக்கு இரும்பு மாத்திரை எழுதினேன், மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னேன். அதுதான் அவருக்கு மாத்திரையைவிடக் கசந்தது. கட்டிக்கு ஈரோட்டில் தனியாக வைத்தியம் நடந்தது. ஐப்பசியில் வந்தபோது ஹீமோகுளோபின் 10.8, ஓய்வுநேர நாடி 78. இந்த முறை 98-ஐக் காட்டவில்லை, நேராக அந்த 78-ஐத்தான் காட்டினார். மாத்திரையை இன்னும் சில மாதம் விடக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே குறுக்கிட்டார்.

"அதெல்லாம் விடறதில்லீங். சார்ஜர் வயரைப் பொண்ணு எடுத்துக்கிட்டு காலேஜ் ஆஸ்டலுக்குப் போயிட்டாளுங். என்ற பையன் போன் வயரு இதுக்குச் சேராதாமா. நெசந்தானுங்?"

நிஜந்தான். அதற்கென்று தனி வயர், வாங்கித்தான் ஆகவேண்டும்.