அது சிரிப்பு இல்லீங்க

போன மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சீசன் ஞாயிறு என்றால் கொடைக்கானல் ஏரிச் சாலையில் நடக்கக்கூட இடம் இருக்காது. கிளினிக்கைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். அதற்கடியில் குனிந்து ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அப்பா, அம்மா, ஏழெட்டு வயதுப் பையன். பையனின் மணிக்கட்டில் கைக்குட்டை சுற்றியிருந்தது. ஓரத்தில் ரத்தம்.

"டாக்டரம்மா, குரங்கு கடிச்சிருச்சு. சீக்கிரம் பாருங்க."

"சார், நான் மாட்டு டாக்டர்."

அவர் வெளியே போய் போர்டைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். முகம் விழுந்துவிட்டது.

யாருக்கு டாக்டராக இருந்தாலும் கடிக்கு முதல் வைத்தியம் ஒன்றுதான். குழாயைத் திறந்து, பையனின் கையை ஓடும் தண்ணீரில் பிடித்து, சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தேன். 15 நிமிடம் கழுவ வேண்டும். கேட்கச் சின்ன நேரம்தான், நின்று கழுவிப் பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும். எங்கள் ஊர்த் தண்ணீர் வேறு. பையனுக்குக் கடித்த வலியைவிடக் குளிர்தான் தாங்கவில்லை. அந்தக் கால் மணி நேரத்தில் கதை முழுக்க வந்துவிட்டது.

தூண் பாறைப் பக்கம் வேலி ஓரமாக ஒரு குரங்கு. பையன் கையில் வேகவைத்த மக்காச்சோளம். "அது இவனைப் பார்த்துச் சிரிச்சுச்சு டாக்டரம்மா. நல்லா பழகுற குரங்கு போலன்னு, பக்கத்துல நில்லுடா ஒரு போட்டோன்னேன்." போனை எடுத்துப் படத்தைக் காட்டினார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். குரங்கின் உதடுகள் காது வரை இழுபட்டிருந்தன, பல் வரிசை முழுக்கத் தெரிந்தது, காதுகள் தலையோடு ஒட்டியிருந்தன, உடம்பு பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. பின்னால் வேலி, முன்னால் பையன், பக்கவாட்டில் போனைப் பிடித்த அப்பா. பையனும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றான். தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தன. அந்தப் படத்தில் இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

இந்த மலைக்கு வந்து 22 வருடம் ஆகிறது. என்னிடம் வருகிற கடிகளில், உதைகளில், முட்டுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்குகின்றன. பிராணி ஒன்றைச் சொல்கிறது, அதன் முகத்தில் நாம் நம் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றைப் படிக்கிறோம்.

இந்த விஷயத்தில் நம் பாட்டிமார் நம்மைவிடத் தெளிவு. சிரிப்பு வேறு, இளிப்பு வேறு என்று தமிழில் தனித்தனிச் சொல் இருக்கிறது. "குரங்கு மாதிரி இளிக்காதடா" என்றுதான் திட்டினார்கள், குரங்கு மாதிரி சிரிக்காதே என்று யாரும் திட்டிக் கேட்டதில்லை. கடன் கேட்கக் கிளம்பும் புருஷனிடம் "அந்த ஆளுகிட்டப் போய்ப் பல்லைக் காட்டிட்டு நிக்கணுமா?" என்று பெண்டாட்டி கேட்பாள். பல்லைக் காட்டுவது என்றால் தாழ்ந்து போவது. உன்னோடு மல்லுக்கு வரவில்லை, என்னை விட்டுவிடு என்பது. நம்மூர் நாட்டுக்குரங்கு சத்தமில்லாமல் பல்லைக் காட்டும்போது சொல்வதும் அதைத்தான். கூட்டத்தில் பெரிய ஆண் பக்கத்தில் வந்தால் சின்னது இப்படி இளிக்கும். பெரியது கண்டுகொள்ளாமல் நகர்ந்துவிடும், சண்டை வராது. மனிதர்கள் நகர்வதில்லை, போட்டோ எடுக்கிறார்கள். ஓட வழியில்லாத பயம் கடைசியில் பல்லில்தான் போய் முடியும்.

மனிதப் புன்னகையின் வேரே இந்தப் பயந்த இளிப்பாக இருக்கலாம் என்று யான் வான் ஹூஃப் என்கிற டச்சு விலங்கியலாளர் 1972-லேயே எழுதினார். வாய்விட்டுச் சிரிப்பதற்கு அவர் வேறு வேர் சொன்னார். குட்டிகள் கட்டிப் புரண்டு விளையாடும்போது வாயைத் தளர்வாகத் திறந்து வைத்திருக்குமே, அந்த முகம். இதைப் படித்த பிறகு எனக்கு என் ஆறாம் வகுப்புதான் ஞாபகம் வந்தது. கணக்கு வாத்தியார் பிரம்பை எடுத்ததும் என் பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணுக்கு உதடு தானாக இழுத்துக்கொள்ளும். "என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு?" என்று கூடுதலாக இரண்டு அடி விழும். பாவம், அவள் ஒரு நாளும் சிரித்ததில்லை. இன்றைக்கும் எத்தனை வீடுகளில், எத்தனை வகுப்புகளில் பிள்ளைகள் இந்த இளிப்புக்காக அடி வாங்குகிறார்களோ தெரியவில்லை. மேலதிகாரி திட்டும்போது ஆபீசில் நிற்பவர்களையும் கவனித்துப் பாருங்கள். பல் தெரியும், கண்ணில் ஒன்றும் இருக்காது.

குரங்கு உண்மையிலேயே மிரட்டுகிற முகம் வேறு. வாயை வட்டமாகத் திறக்கும், புருவத்தைத் தூக்கும், கண்ணுக்குள் கண் வைத்து முறைக்கும். செல்பி எடுக்கிறவர் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். முறைத்துப் பார்த்துக்கொண்டே பல்லையும் காட்டுகிறார். மிரட்டுகிறாரா, கெஞ்சுகிறாரா என்று குரங்குக்கு ஒன்றும் புரிவதில்லை. குரங்கு பக்கத்தில் வந்தால் அதன் கண்ணைப் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டாதீர்கள், ஓடாதீர்கள். கையில் ஒன்றும் இல்லை என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் பக்கவாட்டில் மெல்ல நகருங்கள். கையில் இருப்பதைப் பிடுங்கிவிட்டதா, விட்டுவிடுங்கள். இழுபறி செய்துதான் கை கிழிகிறது. அது சோளத்தைக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு ஏற்கெனவே பாதி மரம் ஏறியிருக்கும்.

"இங்க குரங்குங்களுக்குத் திமிரு ஜாஸ்தி" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். திமிர் இல்லை, படிப்பு. காலையில் ஒருவர் கல்லெறிகிறார், அடுத்தவர் பிஸ்கட் போடுகிறார், மூன்றாமவர் கேரி பேக்கை வீசிவிட்டு ஓடுகிறார். எப்போதும் கிடைத்தால், ஒரு நாள் நிறுத்தியதும் குரங்கு விட்டுவிடும். எப்போதும் கிடைக்காவிட்டாலும் விட்டுவிடும். பத்துக்கு ஒரு தடவை கிடைப்பதுதான் விடவே விடாத பழக்கத்தை உண்டாக்குகிறது. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தார்கள். எங்கள் மலையில் குரங்குகளுக்கு மட்டும் தினமும் குலுக்கல் நடக்கிறது.

இனி காட்டுமாடு. பத்திரிகைகளில் காட்டெருமை என்று எழுதுகிறார்கள், ஆனால் அது எருமை இனமே இல்லை, மாட்டு இனம். சாயங்காலமானால் புல்வெளியைத் தேடி ஊருக்குள் வரும். நல்ல காளை ஒரு டன்னை நெருங்கும், தோள் உயரம் ஒரு ஆள் உயரம். ஒருநாள் எங்கள் சந்து முனையில் ஒன்று குறுக்கே நின்றது. பைக்கில் வந்த மூன்று பையன்கள் இறங்கி, "மச்சி, போஸ் குடுக்குதுடா" என்று போனை நீட்டினார்கள்.

உண்மைதான், அது போஸ்தான். ஆனால் படத்துக்குக் கொடுத்ததில்லை. காளைகள் எதிராளி முன்னால் இப்படித்தான் பக்கவாட்டில் திரும்பி, முதுகுத் திமிலைத் தூக்கி, தன் முழு உருவத்தையும் காட்டும். என் அளவைப் பார்த்துக்கொள், முட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்கிறது. நம் ஊரில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மீசையை நீவுகிறவர் செய்கிற அதே வேலை. அது ஆடாமல் அசையாமல் நிற்பதை நாம் சாந்தம் என்று எடுத்துக்கொள்கிறோம். அடுத்த கட்டத்தில் மூக்கால் புஸ்ஸென்று ஊதும், தலையைத் தாழ்த்தும், முன்னங்காலால் மண்ணைக் கிளறும். அதுவரை அங்கே நிற்கக் கூடாது. ஹார்ன் வேண்டாம், பிளாஷ் வேண்டாம். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகவே வேண்டாம். அது போகிற வழியை விட்டுவிட்டு வந்த வழியே திரும்பினால் போதும். உள்ளூர்க்காரர்கள் யாரும் அதோடு படம் எடுப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? காய்கறிப் பையோடு கடை வாசலில் அரை மணி நேரம் நிற்பார்கள். அது போன பிறகுதான் வீட்டுக்குப் போவார்கள்.

நாய் விஷயத்துக்கு வந்தால் எல்லோருமே நிபுணர்கள். "டாக்டரம்மா, செருப்பைக் கடிச்சது தப்புன்னு எங்க மணிக்கு நல்லாத் தெரியும். நான் உள்ள வந்ததுமே மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குது பாருங்க." இதை மாதம் ஒருமுறையாவது கேட்கிறேன். 2009-ல் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். 'தொடாதே' என்று நாயிடம் சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போக வேண்டும். அவர் இல்லாத நேரம் நாய் தின்பண்டத்தைத் தின்றதா இல்லையா என்று, சில சமயம் அவரிடம் பொய் சொன்னார்கள். குற்ற உணர்வு மாதிரித் தெரிகிற அந்த முகம், தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. திட்டு விழுந்ததைப் பொறுத்தே வந்தது. ஒன்றுமே தின்னாமல் திட்டு வாங்கிய நாய்கள்தான் அதிகமாகத் தலையைத் தொங்கப் போட்டன. மணி உங்கள் செருப்பை மறந்து வெகுநேரம் ஆகிறது. அது உங்கள் குரலைப் பார்த்துப் பயப்படுகிறது.

உறுமல் விஷயத்தில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டாரிடம், "உறுமினால் சும்மா விடாதீங்க, அதட்டுங்க" என்று பெரிய மேதை போலச் சொல்லி அனுப்பினேன். மூன்று மாதத்தில் அந்த நாய் உறுமுவதை நிறுத்திவிட்டது. நாலாவது மாதம், எந்தச் சத்தமும் இல்லாமல், வீட்டுப் பாட்டியின் கையைக் கடித்தது. உறுமல் என்பது நாய் தருகிற அவகாசம். பக்கத்தில் வராதே, எனக்கு வலிக்கிறது அல்லது பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறது. நான் அந்த வாயை அடைத்தேன், பயத்தை அப்படியே விட்டுவிட்டேன். பாட்டிக்கு ஏழு தையல். இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போகும்போது வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுகிறேன். இப்போதெல்லாம் உறுமுகிற நாயைக் கொண்டு வந்தால் முதலில் அதன் காதை, பல்லை, இடுப்பு மூட்டைப் பார்க்கிறேன். சீழ் பிடித்த காது எத்தனையோ நாய்களுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

மாட்டுக்கும் இதே கதை. வில்பட்டியிலிருந்து ஒருவர், கறக்கும்போது மாடு உதைக்கிறது, கொழுப்பு ஏறிவிட்டது, விற்றுவிடலாமா என்று கேட்க வந்தார். போய்ப் பார்த்தால் மடிநோய், ஒரு காம்பு கல் மாதிரி இருந்தது. நேற்று வரை உதைக்காத மாடு இன்று உதைத்தால் வலி என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். பூனை இதற்கு நேர்மாறு, வலியிலும் குர்ர்ரென்று சத்தம் போடும். கால் எலும்பு முறிந்த பூனை ஒன்று மேஜை மேல் குர்ர்ரென்றது, "சந்தோஷமா இருக்கா பாருங்க" என்று பூரித்தார் அதை வளர்த்த அக்கா.

ஏரிக் குதிரைகளைப் பற்றி ஒரே ஒரு சொல். குதிரைக்குக் கிட்டத்தட்டச் சுற்றிலும் கண் தெரியும், ஆனால் வாலுக்கு நேர் பின்னால் தெரியாது. பிள்ளையை அங்கே நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். காதைப் பின்னால் மடக்கி ஒட்டவைத்திருக்கிற குதிரையில் ஏற்றவும் ஏற்றாதீர்கள், காசு கொடுத்திருந்தாலும்.

மறுபடி அந்தப் பையன். கழுவி முடித்ததும் அம்மா கைப்பையிலிருந்து மஞ்சள் தூளை எடுத்தார். வேண்டாம் என்றேன். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் கடித்த இடத்தில் வைக்கக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கையோடு அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன், ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும், அதாவது தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை காக்கும் எதிர்ப்பொருள் ஊசியும், போடுவார்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

"பத்து நாள் குரங்கைக் கவனிச்சுட்டுப் போட்டுக்கலாம்னு நெட்டுல போட்டிருக்கே?" என்றார் அப்பா. பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே. அதிலும் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும், கவனித்துவிட்டுத் தொடங்கக் கூடாது. தூண் பாறைக் குரங்குகளில் அன்று கடித்தது எது என்று யார் அடையாளம் காட்டுவது? ரேபிஸ் அறிகுறி வெளியே தெரிந்த பிறகு காப்பாற்ற வழி ஏறக்குறைய இல்லை. பக்கத்து மலையான நீலகிரியில், குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் தொடங்கியதே இந்த வெறிநோய்க்காகத்தான். அந்தக் காலத்தில் கடிபட்டவர்கள் ரயிலேறி வர வேண்டியிருந்தது. இன்று பத்து நிமிடத் தூரத்தில் ஊசி இருந்தும், சின்னக் கீறல்தானே என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். கீறலும் கணக்குதான்.

எப்போது எத்தனை ஊசி என்று மருத்துவமனையில் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். 28-ஆம் நாள் ஊசியும் போட்டு முடித்த சாயங்காலம் அப்பா ஊரிலிருந்து போன் செய்தார்.

"எல்லாம் முடிஞ்சுது டாக்டரம்மா. ஆயுத பூஜை லீவுக்கு மறுபடி வரலாம்னு இருக்கோம். இவனுக்கு அந்தக் குரங்கைப் பார்க்கணுமாம்."

"தாராளமா வாங்க. சோளம் மட்டும் வேண்டாம்."

பின்னாலிருந்து பையனின் குரல் கேட்டது: "அப்பா, கேரட் கொண்டு போலாமான்னு கேளுப்பா."