வெறும் நிறம்தானே என்று சொல்லாதீர்கள்

சென்ற வாரம் நான்கு வயதுக் குழந்தை ஒன்றின் சிறுநீர் மாதிரி எங்கள் ஆய்வகத்துக்கு அவசரமாக வந்தது. இளஞ்சிவப்பாக இருந்ததால் இரத்தம் என்று அஞ்சி, பெற்றோர் வாசலை விட்டு நகரவில்லை. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டைச் சோதனையில் இரத்தமோ, நுண்ணோக்கியில் சிவப்பணுவோ தென்படவில்லை. விசாரித்தபோது, முந்தைய நாள் திருவிழாவில் பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னார்கள். துணிக்குப் போடும் சாயமான ரோடமின்-பி கலந்த பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியிலேயே தடை செய்துவிட்டது. அதற்குப் பிறகும் இந்த ஆண்டு இப்படி வந்த மூன்றாவது குழந்தை இது. "வெறும் கலர்தானே மேடம், அதான் வெளியே வந்துடுச்சே" என்று தந்தை நிம்மதியடைந்தார்.

இந்த நிம்மதிதான் என்னை வருத்துகிறது. மலத்தில் வரும் நிறம் வேறு, சிறுநீரில் வரும் நிறம் வேறு. குடலில் இருந்து சிறுநீர்ப்பைக்கு நேர்வழி எதுவும் கிடையாது. சிறுநீரில் சாயம் தெரிந்தால், அது குடற்சுவரைக் கடந்து, கல்லீரலைத் தொட்டு, இரத்தத்தோடு உடல் முழுவதும் சுற்றி, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு வந்திருக்கிறது என்றே பொருள். அந்தப் பயணத்தில் அது தனியாகச் செல்வதில்லை. புரதங்களைப் பற்றிக்கொண்டே செல்கிறது.

பற்றிக்கொள்வது சாயத்தின் இயல்பு. கேசரியில் சேரும் டார்ட்ரசைனே கம்பளிக்கும் பட்டுக்கும் மஞ்சள் ஏற்றும் சாயமும் ஆகும். கம்பளியும் பட்டும் புரதங்கள். உணவில் செயற்கை நிறம் இருக்கிறதா என்று அறிய, அமிலம் சேர்த்த கரைசலில் வெள்ளைக் கம்பளி நூலைக் கொதிக்கவைத்துப் பார்ப்பது உணவுப் பகுப்பாய்வகங்களின் பழைய முறை. நாங்களும் தினமும் இதே இயல்பை நம்பியே வேலை செய்கிறோம்: மஞ்சளாக இருக்கும் புரோமோகிரிசால் கிரீன் என்ற சாயக் கரைசல், இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றியதும் பச்சையாகிறது; அந்தப் பச்சையை அளந்துதான் உங்கள் அறிக்கையில் ஆல்புமின் அளவை எழுதுகிறோம். மருந்துகளையும், மஞ்சள் காமாலையில் கூடும் பிலிருபினையும் கொழுப்பு அமிலங்களையும் சுமப்பது அதே ஆல்புமின்தான். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தான வார்ஃபரின் ஆல்புமினில் அமரும் பள்ளத்திலேயே பல உணவுச் சாயங்களும் அமர்வதைச் சோதனைக்குழாய் ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதைப் படித்துவிட்டு எல்லா நிறமும் விஷம் என்று செய்தி பரப்பவும் வேண்டாம். சோதனைக்குழாயில் ஒட்டுவது நோய்க்குச் சான்றாகாது. டார்ட்ரசைன் போன்ற, அசோ என்ற வகையைச் சேர்ந்த அனுமதிக்கப்பட்ட சாயங்களில் மிகச் சிறு பங்கே சிதையாமல் இரத்தத்தில் சேர்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு பெரிதும் குடற்சுவரைப் பொறுத்தது. குழாய் வழியே ஊட்டும் உணவில் பிரில்லியண்ட் புளூ என்ற நீலச் சாயம் சேர்க்கப்பட்ட கடும் நோயாளிகளின் தோலும் சிறுநீரும் நீலமானதையும், அவர்களில் சிலர் இறந்ததையும் குறிப்பிட்டு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003இல் எச்சரிக்கை வெளியிட்டது. மரணங்களுக்குச் சாயமே காரணம் என்று நிறுவப்படவில்லை; குடல் பழுதானால் சாயம் உள்ளே பாயும் என்பது மட்டும் கண்கூடாகத் தெரிந்தது.

ஆகவே, அடர் இளஞ்சிவப்பில் மின்னும் மிட்டாயைக் குழந்தைக்கு வாங்கித் தராதீர்கள். அடம் பிடிக்கும், அழும், இருந்தாலும் தராதீர்கள். செயற்கை நிறம் அனுமதிக்கப்பட்ட பெரும்பாலான உணவுகளில் அதற்கான உச்சவரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம், அதாவது கிராமில் பத்தில் ஒரு பங்கு. இதைச் சிட்டிகையால் அளக்க முடியாது. வறுத்த கோழிக்கு அந்த அனுமதியும் இல்லை, ஆகவே சிவக்கச் சிவக்க வறுத்துத் தரும் கடையைத் தவிர்த்துவிடுங்கள். டார்ட்ரசைனால் ஒருமுறை தோல் தடித்தவர்களும் மூச்சிரைத்தவர்களும் பொட்டலத்தில் அதன் குறியீடான 102 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். குழந்தையின் சிறுநீர் நிறம் மாறினால் நீங்களாக முடிவு செய்யாமல் மாதிரியைக் கொண்டுவாருங்கள். முந்தைய நாள் என்ன சாப்பிட்டது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், மிச்சமிருந்தால் அந்த மிட்டாயையும் கையோடு எடுத்து வாருங்கள்.