சியாச்சின்: ஏறியவர்களால் ஏன் இறங்க முடியவில்லை?

1949 ஜூலையில் கராச்சியில் இந்தியாவும் பாகிஸ்தானும் போர்நிறுத்தக் கோட்டை வரையறுத்தபோது, காஷ்மீரின் வடகோடியில் ஓரிடத்தோடு நிறுத்திக்கொண்டன. அதற்கு அப்பால் ‘வடக்கே பனியாறுகள் வரை’ என்று மட்டும் எழுதிவைத்தார்கள். மனிதர் குடியிருக்க முடியாத இடத்துக்கு யார் அடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற நினைப்பு. சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு 1972-இல் கோட்டை மறுபடி வரைந்தவர்களும் என்ஜே 9842 என்ற அந்தப் புள்ளியைத் தாண்டவில்லை.

வடக்கே என்றால் எந்தப் பக்கமாக? சால்டோரோ மலைமுகட்டை ஒட்டி என்கிறது இந்தியா. வடகிழக்கே காரகோரம் கணவாய்க்கு நேராக இழுத்தது பாகிஸ்தான். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது, ஏறக்குறைய 76 கி.மீ. நீளமுள்ள சியாச்சின் பனியாறு.

1970-களில் பாகிஸ்தானிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வெளிநாட்டு மலையேற்றக் குழுக்கள் அங்கே போய்வந்தன. அனுமதிச் சீட்டு கொடுப்பதும் உரிமை கொண்டாடும் ஒரு வழிதான். 1978-இல் கர்னல் நரிந்தர் குமார் தலைமையில் இந்திய ராணுவக் குழு ஒன்று ஏறியது. அடுத்தவன் படையோடு வந்து உட்கார்ந்துவிடுவானோ என்ற சந்தேகம் இரு தலைநகரங்களிலும் வளர்ந்தது. பாகிஸ்தானும் தயாராகிக்கொண்டிருந்தபோதே, 1984 ஏப்ரல் 13 அன்று ‘ஆபரேஷன் மேக்தூத்’ மூலம் இந்தியா முந்திக்கொண்டது. முகட்டின் முக்கியக் கணவாய்கள் அதன் கைக்கு வந்தன.

சர்வதேச உறவுகளைப் படிப்பவர்கள் இதைப் பாதுகாப்பு இக்கட்டு என்பார்கள். நான் தற்காப்புக்காகச் செய்வது உனக்குத் தாக்குதல் ஏற்பாடாகத் தெரிகிறது; உன் பதிலடி ஏற்பாடு என் பயத்தை உறுதிப்படுத்துகிறது. முதலில் போய்ச் சேர்பவருக்கே லாபம் என்ற நிலம் வாய்த்துவிட்டால், சண்டை மூள மண்ணாசைகூட வேண்டியதில்லை, பயமே போதும். சால்டோரோ அப்படிப்பட்ட நிலம். 6,000 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிகூட இல்லை. மேலே இருப்பவரைக் கீழிருந்து ஏறிப்போய் விரட்டுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். 1987-இல் பானா சிங்கும் தோழர்களும் பனிச்சுவரில் ஏறி ஒரு பாகிஸ்தான் சாவடியைப் பிடித்தது இன்றும் பேசப்படுவது அதனால்தான்.

அங்கே குண்டைவிட அதிகம் கொன்றது குளிரும் பனிச்சரிவும் நுரையீரலில் கோத்துக்கொள்ளும் நீரும்தான். 2012 ஏப்ரலில் கயாரியில் பாகிஸ்தான் முகாம் ஒன்று 140 பேரோடு புதைந்தது. 2016 பிப்ரவரியில் மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் பனிச்சரிவில் சிக்கினார்கள். 2003 நவம்பரில் வந்த போர்நிறுத்தத்துக்குப் பிறகு நடந்த சாவுகள் இவை.

அப்படியானால் இருவரும் இறங்கிவிடலாமே? 1989 ஜூனில் அதற்கு வெகு அருகில் வந்தார்கள். இடறியது ஒரே ஒரு நிபந்தனை. படைகள் இப்போது நிற்கும் இடங்களை வரைபடத்தில் குறித்துக் கையெழுத்திட்டுவிட்டு இறங்குவோம் என்பது இந்தியாவின் நிலை, பாகிஸ்தான் மறுக்கிறது. இங்கே, படைகள் நிற்கும் அந்த ஒரே கோட்டை இரு நாடுகளும் இரு காலங்களில் வைத்துப் பார்க்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தியாவுக்கு அது நாளைக்கான சாட்சி: பாகிஸ்தான் மறுபடி ஏறினால் உலகத்திடம் காட்டலாம். பாகிஸ்தானுக்கோ அது நேற்றைக்கான மன்னிப்பு: 1984-ஐச் சட்டபூர்வமாக்கும் கையெழுத்து.

1999-இல் கார்கில் நடந்தது. குளிர்காலத்தில் காலியாக விடப்பட்ட உயரங்களில் பாகிஸ்தான் படையினர் வந்து அமர்ந்தார்கள். ஶ்ரீநகர்–லே சாலை அவர்கள் பார்வைக்குள் வந்தது. கையெழுத்து இல்லாமல் இறங்கலாம் என்று டெல்லியில் யாரும் வாதாடுவது அதன்பிறகு மிகக் கடினமாகிவிட்டது. 2005-இல் சியாச்சினுக்குப் போன பிரதமர் மன்மோகன் சிங் அதை அமைதி மலையாக்கலாம் என்றார். கயாரிக்குப் பிறகு பாகிஸ்தான் ராணுவத் தளபதி கயானியும் பேச்சுக்கு இசைவாகப் பேசினார். 2012 ஜூனில் பேச்சு நடந்தது. நிபந்தனை மட்டும் அசையவில்லை.

செயற்கைக்கோள் வைத்துக் கண்காணிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. யார் ஏறுகிறார்கள் என்பதை அது காட்டிவிடும். ஆனால் முகட்டுக்கு மேற்கிலிருந்து வரும் வழி குறுகியது. இந்தியப் படையோ நுப்ரா பள்ளத்தாக்கிலிருந்து பனியாறு நெடுகக் கடந்தாக வேண்டும். படம் வந்து சேரும் நேரத்தில் மேலே ஆள் உட்கார்ந்திருந்தால், 1984-க்கு முந்தைய அதே கணக்குதான், இம்முறை எதிர்ப்பக்கத்துக்குச் சாதகமாக.