டாங்கி மாடலுக்குத் தகடு வெட்டும் தம்பிகளுக்கு

கோவை கணபதியில் தகடு வேலை செய்யும் பட்டறை என்னுடையது. லீவு விட்டால் கல்லூரிப் பையன்கள் சிலர் வந்து, "அண்ணா, ரொம்ப மெல்லிசா துண்டுத் தகடு ஏதாச்சும் இருக்குங்ளா?" என்று கேட்பார்கள். டாங்கி மாடலுக்குப் பக்கவாட்டுக் கவசம் செய்யவாம். தகடு கொடுத்துவிடுவேன். கூடவே, எதை வைத்து வெட்டப்போகிறாய் என்றும் கேட்பேன். பெரும்பாலும் வரும் பதில், வீட்டுக் கத்தரிக்கோல்.

இவ்வளவு மெல்லிய தகடு எதற்கு என்று தெரிய, அசலைப் பார்க்க வேண்டும். 1943-ல் ஜெர்மானியர்கள் பான்சர் 4 டாங்கியின் பக்கங்களில் 5 மி.மீ. இரும்புத் தகடுகளைத் தொங்கவிட்டார்கள். அதன் உடலின் பக்கச் சுவரே 30 மி.மீ. தான், சோவியத் வீரர்களின் 14.5 மி.மீ. டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி கிட்டத்திலிருந்து சுட்டால் துளைத்துவிடும். அந்தக் குண்டை முன்கூட்டியே தடுமாற வைக்கத்தான் இந்தத் தகடு. 1/35 அளவு மாடலில் இது 0.14 மி.மீ. ஆகிறது. மேலே டரட்டை, அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் கூண்டைச் சுற்றியிருந்த 8 மி.மீ. தகடு 0.23 வரும். பிளாஸ்டிக்கில் 1 மி.மீ. கனத்துக்கு வார்த்துவிட்டால் அசலில் 35 மி.மீ. என்றாகிவிடும், உள்ளே இருக்கும் சுவரைவிடக் கனம்! ஆக, சொந்தமாகத் தகட்டில் செய்வது நியாயமான ஆசைதான்.

ஆஃப்செட் அச்சகங்களில் வேலை முடிந்து கழிக்கும் அலுமினியத் தகடு 0.15 மி.மீ. கனத்தில் கிடைக்கும். 0.3-ம் உண்டு, அளந்து வாங்குங்கள். சாலிடர் வைத்துப் பற்றவைக்க வேண்டுமானால் பித்தளை ஷிம், அதாவது மெல்லிய பித்தளைத் தகடு வாங்குங்கள்.

இனி நான் பயப்படும் விஷயம். சவரம் செய்யும் பிளேடின் கனம் சுமார் 0.1 மி.மீ. உங்கள் கையில் இருக்கும் தகடும் கிட்டத்தட்ட அதே கனம். கத்தரியில் வெட்டினால் ஓரம் சுருண்டு பிசிறு கிளம்பும். வெட்டிய துண்டு திரும்பிப் பெருவிரலில் இறங்கும். கடப்பைக் கல் மேல் தகட்டைப் படிய வைத்து, ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கத்தியால் ஒரே கோட்டில் லேசாகப் பலமுறை கீறுங்கள். அப்புறம் மேலும் கீழும் மெதுவாக மடக்கினால் நேர்க்கோட்டில் பிட்டுக்கொள்ளும். ஓரத்தை 600 நம்பர் உப்புத்தாளில் தேய்த்த பிறகுதான் வெறுங்கையால் தொட வேண்டும்.

அதைவிட மோசமானது டிரில். கவசத்தைத் தொங்கவிட ஓட்டை போடும்போது, பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில் தகட்டைக் கவ்விச் சுழற்றிவிடும். விரலில் பிடித்திருந்தால் தகடு சுற்றிய சுற்றில் சதையைச் சீவிவிடும். பல வருஷம் அனுபவப்பட்ட ஆட்களுக்கே எங்கள் தொழிலில் இது நடக்கிறது. துணிக் கையுறை போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கையுறையும் பிட்டில் சுற்றி விரலை இழுத்துக்கொள்ளும். இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவில் தகட்டை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, மரத்தோடு சேர்த்துத் துளையிடுங்கள். ஓட்டையும் பிசிறில்லாமல் வரும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் டிரில்லைத் தொடவே கூடாது. அலுமினியமும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது, அதனால் தூளைக் காந்தம் வைத்து எடுக்க முடியாது. தூளை வாயால் ஊதாமல் செலோடேப்பில் ஒற்றி எடுங்கள். கண்ணில் விழுந்தால் கசக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

சூப்பர் குளூ சிந்தினால் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டதும் அது சூடேறித் தோலைச் சுட்டுவிடும். சாலிடரில் ஈயம் இருக்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

வெட்டுப்பட்டுவிட்டால், வெளியே மெல்லிய கோடாகத்தான் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். விரல் நுனி மரத்துப்போனாலோ மடங்க மறுத்தாலோ நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரணஜன்னி வராமல் தடுக்கும் டி.டி. ஊசி போட வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீந்த துண்டுகளைக் குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள். அதைக் கையால் பிரிக்கும் துப்புரவுப் பணியாளருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. ஒரு பழைய டப்பாவில் சேர்த்து மூடி வைத்து, நிறைந்ததும் பழைய இரும்புக் கடையில் போடுங்கள். பித்தளைக்கு நல்ல விலையே கொடுப்பார்கள்.