பனிக்கு அடியில் ஒரு வயல்

திருகோணமலைக் கரையோரக் கடற்றொழிலாளர்களிடம் கடல்வளம் பற்றிப் பேசுவது என் தொழில். அண்மையில் ஒரு மீன்வாடியில் பேசிக்கொண்டிருந்தபோது, கரைவலையில் முதுமை கண்ட ஐயா ஒருவர், துருவத்தில் மிதக்கும் பனி உருகினால் கடல் ஏறி வாடியைக் கொண்டுபோய்விடுமா என்று கேட்டார். மீன்பெட்டியிலிருந்து ஓர் ஐஸ் துண்டை எடுத்துத் தண்ணீர் நிறைந்த கிளாசில் போட்டு, நீர்மட்டத்தில் பேனாவால் கோடு கீறி வைத்தேன். தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஐஸ் கரைந்துவிட்டது; நீரோ கோட்டிலேயே நின்றது. கடல்மட்டத்தை உயர்த்துவன நிலத்தின் மேல் கிடக்கும் பனி கரைந்து கடலில் சேர்வதும், கடல்நீரே வெப்பத்தால் விரிவதும் என்று விளக்கினேன். "அப்ப மிதக்கிற பனி போனா நட்டமில்லைத்தானே தம்பி?" என்றார் அவர்.

நட்டம் பனியின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. நாம் வாங்கும் ஐஸ்கட்டி நன்னீரில் செய்யப்படுவதால் அது கெட்டியானது. கடல்நீரோ ஏறத்தாழ மறை 1.8 பாகை செல்சியசில் உறையும்போது உப்பைப் பளிங்குக்குள் ஏற்க முடியாமல் ஒதுக்கித் தள்ள, அந்த உவர்நீர் மயிரிழை போன்ற வாய்க்கால்களாகப் பனிக்குள் தங்கிவிடுகிறது. அந்த வாய்க்கால்களிலும் பனியின் அடிப்பரப்பிலும் நுண்பாசிகள் வளர்வதால், துருவக் கடற்பனியைப் புரட்டிப் பார்த்தால் பல இடங்களில் பழுப்பு நிறம் படிந்திருக்கும். தலைகீழாகத் தொங்கும் வயல் என்றே அதை நான் சொல்வதுண்டு.

ஆர்க்டிக்கில் கலானஸ் கிளேசியாலிஸ் என்னும் அரிசிமணி அளவுள்ள உயிரி, வசந்தத்தில் இந்தப் பாசியைத் தின்று முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள், பனி விலகிய பின் திறந்த நீரில் பெருகும் பாசியை உண்டு வளர்கின்றன. பனி முந்தி விலகினால் இந்த இரண்டு விளைச்சலுக்கும் இடையிலான கணக்குப் பிசகுகிறது. வெப்பநீரோடு வடக்கே ஏறிவரும் அதன் அத்திலாந்திக் உறவினமோ உடல் சிறியது, கொழுப்பும் குறைந்தது. நெய் பிடித்த சூடைக்கும் நெய் வற்றிய சூடைக்கும் உள்ள வேறுபாட்டை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை; அந்த நெய்தான் துருவக் கொட் மீன் வழியாகச் சீலுக்கும், சீல் வழியாகப் பனிக்கரடிக்கும் போய்ச் சேர்கிறது.

1979 முதல் ஆர்க்டிக், உலக சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடேறியுள்ளது; 2012 செப்டெம்பரில் அதன் கடற்பனி ஏறக்குறைய 34 இலட்சம் சதுர கிலோமீற்றராகச் சுருங்கியது. தெற்கில் அண்டார்டிக்காவின் கடற்பனி 2023 பெப்ரவரியில் 18 இலட்சத்துக்கும் கீழிறங்கியது. அங்கே கிரில் என்னும் இறாலினத்தின் குஞ்சுகள் குளிர்காலத்தில் பனியடிப் பாசியைச் சுரண்டித் தின்றே உயிர் பிழைக்கின்றன. 2022 இறுதியில் பெலிங்ஸ்ஹவுசன் கடலோரத்தில், நீர் ஒட்டாத இறகு முளைக்கும் முன்பே காலடிப் பனி உடைந்ததால், ஐந்து பேரரசப் பென்குயின் குடியிருப்புகளில் நான்கில் குஞ்சுகள் எவையும் தப்பியிருக்க வாய்ப்பில்லை என்று செய்மதிப் படங்களிலிருந்து கணித்தார்கள். (திருகோணமலைக்கு அப்பால் தெரியும் நீலத்திமிங்கிலங்களும் அங்கிருந்து வருகின்றனவா என்று பலர் கேட்பதுண்டு. இல்லை; அவை வட இந்தியப் பெருங்கடலிலேயே வாழ்பவை.)

ஐயாவுக்கு மனத்தில் தைத்தது, அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலுள்ள பேரிங் கடலின் பனி நண்டுக் கதைதான். அங்கே குளிர்காலப் பனி உருவாகும்போது ஒதுக்கப்படும் கனத்த உவர்நீர் அடியில் இறங்கி, 2 பாகைக்கும் குறைந்த குளிர்நீராகக் கோடையிலும் தங்கிவிடும். கொட் மீன் அதற்குள் நுழையத் தயங்குவதால் இள நண்டுகளுக்கு அதுவே புகலிடம். 2018, 2019 ஆம் ஆண்டுகளில் பனி மிகக் குறைந்து அடிநீரும் சூடேறியது. சூட்டில் நண்டின் உடல் கூடுதல் இரை கேட்க, இருந்த இரையோ போதாமல், 1000 கோடிக்கும் மேற்பட்ட நண்டுகள் மறைந்தன. அவற்றில் பெரும்பாலானவை பட்டினியால் செத்திருக்கலாம் என்பது ஆய்வாளர் முடிவு. 2022இல் அலாஸ்காவில் அந்த நண்டுத் தொழில் வரலாற்றில் முதன்முறையாக மூடப்பட்டது.

"அப்ப பனி விலகின புதுக் கடல்ல ஆர் வலை போடுறது?" என்று கேட்டார். மத்திய ஆர்க்டிக் பெருங்கடலில் முதலில் ஆய்வு நடக்கட்டும், அதுவரை வணிக மீன்பிடி வேண்டாம் என்று ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் 2018இல் ஒப்பமிட்டதையும், அந்த உடன்படிக்கை 2021இல் நடைமுறைக்கு வந்ததையும், முதற்கட்டமாக அது 16 ஆண்டுகளுக்கானது என்பதையும் சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணி, "2037" என்றார். பிறகு காய்ந்த வலையை மடிக்கப் போய்விட்டார்.